கடைசிப் பந்தி

போன வாரம் வானமாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, நண்பர் ஒருவரோடு காருகுறிச்சி அருணாசலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர்களை நாம் நடத்திய விதத்தையும் சொன்னேன். நண்பருக்குக் கோபம். "வாசிப்பைக் கேட்டோமா, ரசிச்சோமான்னு இரும் வே. அதுல எதுக்குச் சாதியைக் கொண்டு வாறீரு?" என்றார். அங்கே வாயில் வராத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்களுக்கு ஜாஸ் இசையைக் காட்டிய வாத்தியார், இசைத்தட்டைப் போடுவதற்கு முன் நியூ ஆர்லியன்ஸ் கதையைச் சொன்னார். 1718-ல் பிரெஞ்சுக்காரர் உண்டாக்கிய ஊர். அங்கே அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கத்தில் கூடிக் கொட்டடித்து ஆடினார்கள். அடிமைமுறை ஒழிந்தும் அவமானம் ஒழியவில்லை. 1927-ல் நியூயார்க் காட்டன் கிளப்பில் டியூக் எலிங்டன் வாசிக்கத் தொடங்கியபோது, மேடையில் கறுப்பர்கள், கேட்பவர்களோ வெள்ளையர்கள். கறுப்பரை விருந்தினராக உள்ளே விடுவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஜாஸ் வரலாற்றைப் படிக்க முடியாது.

நம் கதை மட்டும் வேறா? நாதஸ்வரக்காரர் நின்றும் நடந்துமே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். அதைத் திமிர் என்றவர்கள் உண்டு. நான் அதை உரிமை என்பேன். அவருடைய சீடர்தான் நம் காருகுறிச்சியார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கேட்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? 1964-ல் அவர் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. சிலைக்கு மாலை போட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

அலுவலகத்தில் நடப்புக் கோப்பு, குறிப்புக் கோப்பு என்று இரண்டு உண்டு. ஆணையை மட்டும் படித்தால் விஷயம் புரியாது. குறிப்புக் கோப்பையும் புரட்ட வேண்டும். ராகம் ஆணை என்றால், அதை வாசித்தவரின் வாழ்க்கைதான் குறிப்பு.

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. என் கல்யாணத்தில் முதல்நாள் ராத்திரியிலிருந்து வாசித்தவர்களுக்குக் கடைசிப் பந்தியில், புறவாசலில்தான் இலை போட்டார்கள். மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தை மாதம் பேரனுக்குக் கல்யாணம். நாதஸ்வரக்காரர் முதல் பந்தியில், என் பக்கத்து இலையில் உட்காருவார். நண்பருக்கும் அழைப்பு உண்டு. எதிர் இலை அவருக்கு.