கதைக்கும் ஒரே விடைதானா?

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் விரிவானப் பகுதியில் கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ இடம்பெற்றிருக்கிறது. நோயோடு சென்னைக்கு வந்து உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறான் குப்புசாமி. அவனைக் கண்டாலே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகவில்லை. கடைசியில் அவனுடைய நண்பன் வீரப்பன், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கடிதமும் மூன்று ரூபாயும் கொடுத்தனுப்புகிறான். தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்றைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுத்த பாடநூல் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளிடமிருந்து நாம் திரும்ப வாங்குவது என்ன என்பதுதான் கவலைக்குரியது.

எந்த உரைநூலைப் புரட்டினாலும் விடை ஒன்றுதான். முதலில் ஒரு குறிப்புச் சட்டகம்: முன்னுரை, குப்புசாமி, வீரப்பன், மனிதநேயம், முடிவுரை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கு வரிகள். தலைப்புகளைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அடிக்கோடிட வேண்டும் என்பது சென்டம் வாங்க நினைக்கும் மாணவருக்கான கூடுதல் அறிவுரை. மெல்லக் கற்போருக்கான கையேட்டிலும் இதே விடைதான், பாதி நீளத்தில். வீரப்பன் நல்லவன், அவன் செயலில் மனிதநேயம் வெளிப்படுகிறது, எட்டு மதிப்பெண்.

இந்த விடையில் தவறு எதுவும் இல்லை. ஆனால், கதையில் உண்மையிலேயே ஏதோ நடப்பது யாருக்கு? குப்புசாமிக்கும் இல்லை, வீரப்பனுக்கும் இல்லை. ‘நான்’ என்று கதை சொல்லிக்கொண்டு போகிறாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். நாதியற்றவன் என்று தான் ஒதுக்கிய மனிதனுக்கும் ஒருவன் இருக்கிறான் என்று தெரியவரும்போது கூசிப்போவது அவர்தான். வீரப்பன் கதைக்குள் வருவதே கடிதம் வழியாகத்தான். பக்கம் பக்கமாக நம் எதிரே நிற்பவர், நம்மைப் போலவே வசதியாக வெறுக்கத் தெரிந்த அந்த மனிதர். குறிப்புச் சட்டகத்தில் அவருக்கு ஒரு தலைப்புகூட இல்லை. பெயர் இல்லாதவரைக் கதைமாந்தர் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. ஒரு மாணவி அவரைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதிவைத்தால் திருத்துகிறவர் எவ்வளவு போடுவார் என்று எந்தத் தமிழாசிரியரையாவது கேட்டுப் பாருங்கள். விடைக்குறிப்பில் இல்லையே என்பார்.

கதைமாந்தரைப் பற்றிய கேள்வியும் கதையின் கருவைப் பற்றிய கேள்வியும் மனப்பாடத்துக்கு உரியவை அல்ல என்பதே நம் நிலைப்பாடு. பொதுத்தேர்வு வினாத்தாளும் அதன் விடைக்குறிப்பும் மாறாதவரை வகுப்பறையில் எதுவும் மாறப்போவதில்லை.

2018-லும் 2019-லும் வந்த புதிய பாடநூல்கள் கேள்விகளை மாற்ற நல்ல வாய்ப்பைத் தந்தன. பத்தாம் வகுப்பு நூலில் மட்டும் ப. சிங்காரம், கி. ராஜநாராயணன், சா. கந்தசாமி, அழகிரிசாமி என்று நால்வர் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் ‘யானை டாக்டர்’ வந்தது. இவ்வளவு வலுவான வரிசை இதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததா என்பது சந்தேகமே. ஆனால் புத்தகம் மாறிய வேகத்தில் கேள்வி மாறவில்லை. அனுமார் வேடக்காரரின் ஆட்டத்தில் சொக்கிப்போய் அவர் பின்னாலேயே போகிறானே ‘பாய்ச்சல்’ கதையின் சிறுவன் அழகு, அவனும் ‘கலையார்வம் மிக்கவன்’ என்ற ஒற்றை வரியில் அடைபட்டுப் போனான்.

ஒன்பதாம் வகுப்பில் உள்ள கந்தர்வனின் ‘தண்ணீர்’ இன்னும் நல்ல உதாரணம். குடிநீர் இல்லாத ஊர். ரயில் வந்து நின்றதும் பெண்கள் குடங்களோடு பெட்டிகளுக்குள் ஏறிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஒருநாள் இந்திரா என்ற பெண் இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஊரே பதறிப்போகிறது. அவளோ தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, நிரம்பிய குடத்தோடு திரும்பி வருகிறாள். கதையின் கரு என்ன என்று கேட்டால், ‘தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்’ என்ற விடை தயாராக இருக்கிறது. ஒரு குடத்துக்காக ரயிலேறும் பெண்ணிடம் போய்ச் சிக்கனம் பேசுவதா? அவள் ஏன் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கை வீசி நடந்து வரவில்லை என்று வகுப்பில் கேட்டால் போதும். ராமநாதபுரத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடிய பிள்ளை சொல்லும் பதிலும், வீட்டுக் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் பிள்ளை சொல்லும் பதிலும் வேறு வேறாக இருக்கும். இரண்டுமே கதைக்குள்ளிருந்து வரும். அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதுதான் இலக்கிய வகுப்பு.

ஆங்கிலத் துணைப்பாடத்திலும் கதை இதுதான். பத்தாம் வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ கதைவடிவில் இருக்கிறது. வரிகளைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்கிறது கேள்வித்தாள். காலிபனின் தீவில் வந்திறங்கிய பிராஸ்பெரோ அவனையே விறகு சுமக்க வைத்தது நியாயமா என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இதில் விசித்திரம், கதைமாந்தரோடு மல்லுக்கு நிற்பது நமக்குப் புதிதே அல்ல. காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கிய ஆண்டு 1939. ராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது அறமா என்று இன்றும் கம்பன் விழா மேடைகளில் வழக்காடுகிறார்கள். நடுவர் தீர்ப்புச் சொன்ன பிறகும் கூட்டம் கலையும்போது வாதம் தொடர்கிறது. கும்பகருணனா வீடணனா, கண்ணகியா மாதவியா என்று பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்க்கிறோம். 1966-இல் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தபோது அந்தக் கதையில் வரும் தாய் செய்தது சரியா என்று வாசகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்கள். முடிவு வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று ஜெயகாந்தனே பின்னர் ஒரு நாவல் எழுதிக் காட்டினார். இப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் கதைமாந்தருக்கு ஒரே குணம், கதைக்கு ஒரே கரு என்று யார் விதித்தது?

ஆசிரியர்கள் விதிக்கவில்லை. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். உத்தரவாதமான எட்டு மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையை யோசிக்கச் சொல்லும் துணிச்சலை அவர்களிடம் தனியாக எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால்தான் வினாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதும் தேர்வில், விடை ஆளுக்கொன்றாக இருந்தால் திருத்தும் முகாமில் எப்படிச் சீராக மதிப்பிடுவது என்பது முதலாவது. இதே பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. படத்தைப் பார்த்துப் பிள்ளை தனக்குத் தோன்றியதை எழுதலாம். அதைத் திருத்த முடியாது என்று எந்த முகாமும் கைவிரிக்கவில்லை. (அதற்கும் எந்தப் படத்துக்கும் பொருந்தும் கவிதைகளை உரைநூல்கள் தயாராக வைத்திருக்கின்றன என்பது வேறு விஷயம்.) படத்துக்கு முடிவது கதைக்கு முடியாதா?

இரண்டாவது மறுப்பைத் தள்ளிவிட முடியாது. வீட்டில் முதல் ஆளாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு மனப்பாட விடைதான் கைப்பிடி. அதையும் பிடுங்கிவிட்டால் தோற்றுப்போகுமே என்கிறார்கள். பிடுங்க வேண்டாம். இப்போதே எட்டு மதிப்பெண் விரிவானக் கேள்வியில் ‘அல்லது’ இருக்கிறது. ஒருபக்கம் பழைய முறைக் கேள்வி அப்படியே இருக்கட்டும். மறுபக்கம், பக்கத்து வீட்டுக்காரர் குப்புசாமியை வெறுத்ததற்கு என்ன காரணம், அவர் கடைசியில் உண்மையிலேயே மாறிவிட்டாரா என்று கேட்கட்டும். வீட்டில் நோயாளியையும் விருந்தாளியையும் ஒன்றாகப் பார்த்த பிள்ளை, அவர் மேல் என்ன தப்பு என்றுகூட எழுதலாம். வாயில் வந்ததையெல்லாம் எழுதிவிட்டு மதிப்பெண் கேட்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. குப்புசாமியை ஏமாற்றுக்காரன் என்று எழுதினால், கதையில் எந்த இடத்தை வைத்து அப்படிச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மதிப்பெண் கிடையாது.

தேர்வுகள் இயக்ககம் விடைக்குறிப்பில் மூன்று வரி சேர்த்தால் போதும்: கருத்து எதுவாயினும் ஏற்கலாம், கதையிலிருந்து குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும், துணைத்தலைப்பு இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது. இந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியை இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். வந்த விடைகளில் ஒரு கட்டைத் தமிழாசிரியர்கள் கூடி உட்கார்ந்து படித்து, எங்கே மதிப்பீடு முன்பின்னாகிறது என்று குறித்துக் கொடுக்கட்டும். மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கான முடிவை அதை வைத்துக்கொண்டு எடுக்கலாம்.