பங்குனிக் குயில்



குயில் எங்கள் ஊரைவிட்டுப் போவதில்லை. ஆனால் பங்குனி பிறந்தால்தான் விடியுமுன்னே உரத்துக் கூவத் தொடங்கும். வேம்பு பூக்கிற காலமும் அதுதான். சித்திரை வருடப்பிறப்பு வருகிறது என்று முதலில் சொல்வது குயில் என்பார்கள் பெரியவர்கள். சிங்களச் சகோதரிகளும் அதைக் ‘கொஹா’ என்று அழைத்து, புத்தாண்டின் அடையாளமாகவே கொள்கிறார்கள்.

நல்ல செய்தி என்று எண்ணித்தான் கிளிநொச்சிப் பக்கத்து மாதர் சங்கக் கூட்டமொன்றில், “குயில் கூவுது, கேட்டீங்களா?” என்றேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா சொன்னார்: “தங்கச்சி, அது கூவினால் எனக்கு வயித்தைக் கலக்கும். பங்கருக்குள்ள இருக்கேக்கையும் அது கூவினதுதானே.”

யோசிக்காமல் கேட்டுவிட்டேன். 2009இல் மே 18 வரை அவர்கள் இழந்ததில் பெரும்பகுதி இந்தக் குயில் காலத்தில்தான். செல் குத்துகிற சத்தத்தையும் வந்து விழுகிற சத்தத்தையும் பிரித்தறியப் பழகிய காது அவருடையது. கதவு அடித்தால் திடுக்கிடுவதும், குறித்த மாதம் வந்தால் நித்திரை குழம்புவதும் விசர் அல்ல, சகோதரிகளே. அப்படியானவர்கள் உளவளத்துணையாளரிடம் கதைக்க வெட்கப்பட வேண்டாம்.

மூலையில் இருந்த ஆச்சி ஒருவர்தான் மௌனத்தைக் கலைத்தார். “என்ரை பேத்தி பின்வளவில நிண்டு திருப்பிக் கூவுவாள். அது இன்னும் உரத்துக் கூவும். இவளும் விடமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பிந்துறதுதான் மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கூவுவது ஆண்குயில் என்றேன். கறுத்த உடம்பு, சிவந்த கண். பெண்குயில் புள்ளி விழுந்த மண்ணிறம். காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சுக்குத் தீன் கொடுப்பது காகம்.

“அப்ப நான்தான் காகம்” என்றார் ஆச்சி. அவரது மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். காசு ஒழுங்காக வருகிறது. பிள்ளை ஆச்சியோடு.

இரண்டு கிழமை கழித்து அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். வடகத்துக்காக வேம்பின் கீழ் சாக்கு விரித்துப் பூச் சேர்த்துக்கொண்டிருந்தார். மேலே குயில்.

“விடியவும் கூவினது. எத்தனை தரமெண்டு எண்ணிக்கொண்டு கிடந்தனான்” என்றார்.

“வயிறு?”

“கலக்கினதுதான்” என்றபடி சாக்கின் மற்ற நுனியை என்னிடம் நீட்டினார்.