உயரம் கொடுப்பதும் கை கெடுப்பதும்

"மலைக் கோப்பிக்குத்தான் மணம், கீழ்நாட்டுக் கோப்பி கசக்கும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி, காணியும் கையிருப்பும் குறைந்த இடம்பெயர்ந்த குடும்பங்கள் நட்டப்படக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் உண்மையான பாதி. ஆயிரம் அடி உயரும்போது வெப்பம் ஏறக்குறைய 2 பாகை செல்சியஸ் குறைகிறது. கோப்பியின் சுவைக்கு உதவுவது இந்தக் குளிர்ச்சியே. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். மரத்தில் கூடுதல் நாள் நிற்பதால் விதை இறுகிக் கனக்கும். இதமான புளிப்பும் மணமும் கூடும். வெக்கையிலோ பழம் அவசரமாகச் சிவந்துவிடும். விதை அவ்வளவு இறுகாது. ஹவாய்த் தீவின் கோனாப் பகுதி பூமத்திய கோட்டிலிருந்து தள்ளியிருப்பதால், அங்கு 3,000 அடிக்குக் கீழேயே பேர்பெற்ற கோப்பி விளைகிறது. நமது நாடு அக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அதே குளிர்ச்சிக்கு இன்னும் மேலே ஏற வேண்டும்.

ஆனால் உயரத்தோடு இனமும் மாறுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலையில் வளர்வது பெரும்பாலும் அறபிக்கா. அது 18 முதல் 22 பாகை வரையான வெப்பத்தை விரும்பும். தாழ்ந்த இடங்களில் வளர்வது றொபஸ்டா. அதில் கபீன் ஏறக்குறைய இருமடங்கு, கசப்பும் கூட. ஆகவே கீழ்நாட்டுக் கோப்பியின் கசப்பு முழுவதும் நிலத்தின் குற்றமல்ல.

அப்படியானால் கீழேயும் அறபிக்காவை நடலாமே என்று கன்று விற்பவர் சொல்லக்கூடும். நம்பிவிடாதீர்கள். எம்மில் பலருடைய முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறியது கோப்பித் தோட்டங்களுக்காகவே. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அத்தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. அந்நோய்க்கு எளிதில் இரையாவது அறபிக்காவே. வெப்பமான தாழ்நிலத்தில் நோய் இன்னும் கடுமையாகும். அங்கே சுவையும் கிடையாது, மரமும் தங்காது. வன்னி போன்ற வரண்ட பகுதிகளில் நிழலும் கோடையில் தண்ணீரும் இல்லாவிட்டால் றொபஸ்டாகூடத் தாங்காது.

கன்று பகிர்ந்தளிக்கும் நிறுவனங்களுக்கும், எம்மையும் சேர்த்தே, ஒன்று சொல்ல வேண்டும். எந்த இனம், எத்தனை அடி உயரம், தண்ணீர் உண்டா என்று கேட்காமல் கன்று கொடுப்பது உதவியல்ல. நட்ட கோப்பி காய்க்க மூன்று ஆண்டளவு செல்லும். நாளை எழும்பச் சொல்லக்கூடிய காணியில் மூன்று ஆண்டு உழைப்பைப் புதைக்கும்படி எந்தக் குடும்பத்தையும் நாம் தூண்டக் கூடாது. அங்கே முதலில் மரக்கறியே நல்லது. காணிக்கு உறுதியோ அனுமதிப் பத்திரமோ உள்ளவர்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு நடட்டும்.

இனி அந்த மீதிப் பாதி. உயரம் கொடுத்ததைக் கெடுப்பது பெரும்பாலும் கைதான். மலையில் விளைந்தாலும் பச்சைக்காயையும் பழத்தையும் ஒன்றாக உருவினால் சுவை போயிற்று. மாறாக, வேலியோரத்து நாலு றொபஸ்டா மரமானாலும் நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். தண்ணீரில் இட்டு மிதப்பதை நீக்குங்கள். வெறுந்தரையில் போடாமல் பாயிலோ படங்கிலோ மெல்லிதாகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். இரவில் மூடிவையுங்கள். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும்வரை காயவிடுங்கள். உரம் இருந்த சாக்கும் அடுப்புப் புகையும் கோப்பிக்கு ஆகாது.

காணியின் உயரத்தைத் தெரிந்தெடுக்கும் வசதி இடம்பெயர்ந்தவருக்கு வாய்ப்பதில்லை. ஆனால் அவரவர் தாலந்தை மண்ணில் புதைக்காமல் பயன்படுத்தலாம். உயரம் நம் கையில் இல்லை. பறிப்பதும் உலர்த்துவதும் நம் கையில்தான் உண்டு.