கடலோடு சேர்ந்த கணக்கு: கீழவைப்பார்ப் பிரகடனம்

வைப்பாறு கடலில் சேரும் இந்த ஊரிலிருந்து, வள்ளத்துக்குப் போகிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும் எங்கள் பிள்ளைகளும் கூடி அறிவிக்கிறோம்: கணிதத்தைத் தனியாக அல்லாமல் இயற்பியல், கணினி, கடலியலோடு சேர்த்துக் கற்பிக்கும் இளநிலைப் பட்டம் எங்கள் கரைக்கு வேண்டும்.

“கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதான்” என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். வாத்தியார் வேலை அவ்வளவு இளப்பமா என்பது வேறு பேச்சு. இந்தக் கடலில் கணக்கில்லாமல் எது நடந்தது? முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் கடலடிப் பாறைத்திட்டான பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டுத்தான் மொத்தப் பாரின் வரும்படியை ஊகித்தார்கள். முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தார்கள். விலை எடையோடு ஏறவில்லை, எடையின் வர்க்கத்தோடு ஏறியது. மொத்த எடையை மஞ்சாடி என்ற எடையளவில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, முத்தின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் அதன் சாரம். இரண்டு மஞ்சாடிக்கு ஒரே முத்தென்றால் 4; இரண்டு முத்தென்றால் 2. மூச்சடக்கியது குளியாள், கணக்குப் போட்டது வியாபாரி. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது.

கணக்கு மட்டும் கடலை விட்டுப் போகவில்லை. எவ்வளவு மீன் பிடிபட்டது என்பதை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மாதிரிக் கணக்கெடுப்பில்தான் மதிப்பிடுகிறது. நாளை அலை எவ்வளவு எழும் என்பதை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிச் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடை ஏன் என்று கேட்டால் மீன்வளத்தின் எண்களைத்தான் பேச வேண்டும். கூட்டங்களில் எங்களுக்குக் குரல் இருக்கிறது. எண்ணைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆள் போதவில்லை.

இப்படியொரு படிப்பு ஆகாத காரியமில்லை. 1989-இல் கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி தொடங்கிய நிறுவனம், இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம், 1998-இல் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர் இயற்பியலும் சேர்ந்தது. ஆரம்பத்தில் சென்னையில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது போபாலிலிருந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம்! 2006-இல்தான் நிகர்நிலைத் தகுதி வந்தது. பக்கத்துக் கதவு திறக்கும்வரை சேஷாத்ரி காத்திருக்கவில்லை.

தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரி இருக்கிறது, 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ஒரே மாணவி இரண்டிலும் பாடம் எடுத்து ஒரே பட்டம் வாங்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் மீன்வளப் பல்கலைக்கழகமும் வழிசெய்ய வேண்டும். பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் கடலுக்குப் போகிறவர் ஒருவராவது உட்கார வேண்டும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதற்கு அவரிடம் பல வருடத் தகவல் இருக்கிறது.

அதுவரை நாங்களும் சும்மா இருக்கப்போவதில்லை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்குகிறோம். சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டோம். ஏன் என்று நிறுவச் சொல்வோம். முதல் பாடம், கோயில் கோபுரத்தையும் பனையையும் ஒரே நேர்க்கோட்டில் பிடித்து, இன்னொரு பக்கம் வேறிரண்டு அடையாளங்களைப் பிடித்து, பார் இருக்கும் இடத்தை அப்பாக்கள் கண்டுபிடிப்பது எப்படி என்பது. இரண்டு கோடுகள் ஏன் ஓரிடத்தில்தான் வெட்டும், அடையாளம் கொஞ்சம் பிசகினால் வள்ளம் எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைப் பிள்ளைகள் எழுதிக் காட்ட வேண்டும். கட்டணம் கிடையாது. பெண்பிள்ளைகளை இருட்டுமுன் வீட்டில் கொண்டுவிடுவது எங்கள் பொறுப்பு. தொழிலுக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் பையனுக்கு அந்தப் பாடம் மறுபடி நடத்தப்படும்.