பழைய கணினி பாரமல்ல
செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெரும் தேவையால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கணினி நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிவுக்கு வந்தது. இதைக் காரணம் காட்டி, நன்கு இயங்கும் கணினிகளை மத்திய அரசு அலுவலகங்கள் ஏலத்துக்கு அனுப்பினால் அது மக்கள் வரிப்பணத்தை வீணாக்குவதாகும்.

டிடிஆர்4 வகை நினைவகம் டிடிஆர்5 தாய்ப்பலகையில் பொருந்தாது. எனவே பழைய நினைவகத்தைப் பழைய கணினியிலேயே பயன்படுத்துவதுதான் சிக்கனம். ஒரே வகையைச் சேர்ந்த இரு கணினிகளின் நினைவகத்தை ஒன்றில் சேர்த்து, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை நிறுவினால் கடிதம், கோப்புப் பணிகளுக்குப் போதுமானது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளும் கருவிகளைப் புதுப்பிப்போரை அங்கீகரிக்கின்றன. ஏலத்துக்கு முன் மறுபயன்பாட்டுச் சோதனையை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.