எண் உயர்ந்தால் நலம் உயருமா?

அளவுகோல் வினவியதற்கு மட்டுமே விடை கூறும். வினவாததற்கு வாய் திறவாது. இதனை மறந்து உலகம் பட்ட பாட்டிற்குப் பெட்ரோல் எனப்படும் கன்னெய்யின் ஆக்டேன் எண்ணே சான்றாகும்.

உந்துப் பொறியின் உருளைக்குள் காற்றொடு கலந்து அழுத்தப்பெறும் கன்னெய், மின்தீப்பொறியால் பற்றி எரிகின்றது. அத்தீ முற்றப் பரவுமுன், எஞ்சிய கலவை அழுத்தமும் வெம்மையும் தாங்காது தானே பற்றி வெடிப்பின், சம்மட்டியால் அடித்தாற்போல் ஓசை எழும். இதுவே இடிப்பு. இது நீடிப்பின் பொறியின் உறுப்புகள் சிதையும்.

இடிப்பைத் தாங்கும் திறத்தை அளத்தற்கு, அமெரிக்க வேதியலார் கிரகாம் எட்கார் 1926-இல் ஒரு கோல் வகுத்தார். எளிதில் இடிக்கும் எப்டேனுக்குச் சுழி. நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. அழுத்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் தக்க ஒற்றையுருளைப் பொறியில் கன்னெய்யை எரித்து இடிப்பை அளப்பர். 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு எப்டேனும் சேர்ந்த கலவையை ஒத்து அஃது இடிப்பின், அதன் எண் 95. அஃது ஒப்புமையே, உள்ளடக்கம் அன்று.

ஆற்றலின் அளவும் அன்று. எரிசாராயத்தின் எண் 100-ஐக் கடக்கும். ஆயினும் ஓர் இலிட்டர் தரும் வெப்பமோ கன்னெய்யினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. எனவே, தம் பொறிக்கு வேண்டாத உயர் எண்ணுக்கு மிகுபணம் ஈவார் பெறும் பயன் யாது?

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. சிறிதளவு ஈயச் சேர்மம் இடிப்பை அடக்கும் என்பதைத் தாமசு மிட்சிலி 1921-இல் கண்டார். 1923-இல் ஈயக் கன்னெய் விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சென்பது அன்றே உலகறிந்த செய்தி. 1924-இல் நியூ செர்சி ஆலையொன்றில் அச்சேர்மத்தை ஆக்கிய தொழிலாளர் ஐவர் அறிவு திரிந்து மாண்டனர். ஆயினும் வாணிகம் நிற்கவில்லை. அதனை விற்ற குழுமத்திலேதான் எட்காரும் பணியாற்றினார். அவர் கோல் பொய்க்கவில்லை. இடிப்பைப் பற்றி மெய்யே கூறிற்று. குழந்தைகளின் மூளையைப் பற்றி அதனிடம் எவரும் வினவவில்லை!

எண் உயர்ந்தது, தெருவெல்லாம் ஈயம் படிந்தது. இந்தியா 2000-இல் அதனை விலக்கியது. இறுதியாக அல்சீரியா 2021-இல் விலக்கியபின்னரே உலகத்துச் சாலைகள் அந்நஞ்சினின்று நீங்கின. கண்டறிதற்கும் கைவிடுதற்கும் இடையே நூறாண்டு!

பென்சீனும் எண்ணை உயர்த்தும், புற்றுநோயும் தரும். ஆகலின், எண் எத்துணை என வினவுவார், அது எதனால் உயர்ந்தது, அதன் புகையை உயிர்ப்பவர் எவர் என்றும் உடன் வினவுக. அவ்வினாவை எழுப்பாத அறிவு அரையறிவே.