சத்தமில்லாத ஆபத்து

பினாங்குப் பாலம் திறந்த அதே 1985இல்தான் புரோட்டான் சாகாவும் வந்தது. அப்பாவின் பழைய சாகாவுக்கு இப்போது பாலம் ஏறினாலே மூச்சு வாங்கியது. "சத்தம் இல்லையே, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றேன். வானொலிக்காரி, காதைத்தானே நம்புவேன்!

ஜார்ஜ் டவுன் பட்டறை அண்ணன் கம்ப்ரெஷன் மீட்டரை எடுத்தார். மூன்று சிலிண்டர்களில் 160 பிஎஸ்ஐ, ஒன்றில் 90. அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். ஏறியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை. ஹெட்டைக் கழற்றினால், கருகிய வால்வு.

"வால்வு இடைவெளி கூடினா டக்டக்னு கேட்கும், தங்கச்சி. குறைஞ்சா சத்தமே வராது. வால்வு சரியா மூடாம எரிஞ்சுபோகும்."

அப்பாவும் அப்படித்தான், எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அன்றே அவருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்தோம்: 170. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். உங்கள் வீட்டிலும் அளந்து பாருங்கள்.